முன்வரிசையில் நால்வர்

தொடர் ஓட்ட அணிப் பெண்கள் எங்கள் நால்வருக்கும் அணிச் சீருடை மாட்டி, முன்வரிசையில் உட்கார வைத்தார் பல்கலைக்கழகப் பதிவாளர். "தலைவர் ஏதாவது கேட்டா கண்ணைக் கசக்குங்க, போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்திருந்தார். எனக்கு அழ வராது. கோபம்தான் மூக்கு நுனியில் நிற்கும்.

தடகள சம்மேளனத்தின் விசாரணை அது. எங்கள் பயிற்சியாளன் குருவியைச் சீரழித்தது இப்போது ஊருக்கே தெரியும். ஆள் சிறையில் இருக்கிறான். குருவி எங்கள் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடியவள். கடைசியாக ஓடும் என் கையில் பேட்டன் கட்டையைத் தருபவள். அவள் புகார் கொடுத்தது இந்தப் பதிவாளரிடம்தான். அவர் அதை அமுக்கிவிட்டு, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எங்களிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன்பிறகும் அந்த ஆள் ஒரு வருடம் எங்களுக்கு விசில் ஊதினான்.

மறைத்ததற்காகப் பல்கலைக்கழகத்தையே போட்டிகளிலிருந்து விலக்குவதா என்பதுதான் கேள்வி.

"தப்பு பண்ணவன் உள்ள இருக்கான். இந்தப் பொண்ணுங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று பதிவாளர் குரல் தழுதழுக்க எங்களைக் காட்டினார்.

எனக்குக் கடைசி வருடம். அடுத்த மாதம் தேசியப் போட்டி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓடிவிடலாம். ஆனால் பின்வரிசையில் குருவி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிட்டேன்.

"போன வருஷம் ஃபைனல்ல எங்க முதல் பொண்ணு, கை மாத்தற எல்லைக்கோட்டைத் தாண்டி பேட்டனைக் கொடுத்தா. நாலு பேரையும் வெளியேத்துனீங்க. நான் என்ன பாவம் பண்ணேன்னு கேட்டேனா? அதுக்கு முந்தி ஜெயிச்சப்ப, போட்டோவுல கோப்பையோட நடுவுல நின்னவர் இவர்தான். அப்ப ஒரே டீம், இப்ப மட்டும் தனித்தனியா?"

"உக்காரும்மா" என்று பல்லைக் கடித்தார் பதிவாளர்.

"மாட்டேன் சார். எங்களைக் காட்டித்தானே தப்பிக்கப் பார்க்கறீங்க?"

சம்மேளனத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஓட்டமும் போயிடும். தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும். வயிறு எரியுது. இருந்தாலும் விலக்குங்க."

"அந்தக் கோட்டுக் கதையை ஏன்டி இழுக்கற" என்று முணுமுணுத்தபடியே முதல் பெண்ணும் எழுந்தாள். மற்ற இருவரும் எழுந்தார்கள்.

இரண்டு வருடம் விலக்கினார்கள். நாங்கள் வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. வாசலில் குருவி என் கையைப் பிடித்தாள்.

"கடைசி வருஷமாச்சேடி உனக்கு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பதிவாளர் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே அழுதேன்.