வண்டிக் கூரையில் இருந்தவன்

1

ஒரு மனிதனின் விரல்களை இரும்புக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த நாளில் இந்தக் கதை என் கைக்கு வந்தது.

1984, ஆகஸ்ட் மாதம். வடக்கு ஆஸ்திரேலியாவில், டார்வின் நகரிலிருந்து மூன்று மணி நேரம் மண் சாலையில் வந்தால் ஹாரிகன் கிராசிங். அங்கே இருந்த ஒற்றை அறை மருத்துவமனைக்கு நான் ஒரே நர்ஸ். காலை பதினொரு மணி இருக்கும், ஒரு டொயோட்டா புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதன் கூரை மேல், சாமான் கட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் குப்புறக் கிடந்தான். தலைமயிர், புருவம், பல் எல்லாம் செம்மண். அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"சிஸ்டர், மேல இருக்கறவனை விடுங்க. உள்ள பாருங்க," என்றார் வண்டியை ஓட்டி வந்த கிளிஃபர்ட்.

உள்ளே வால்டா. கூரையில் கிடந்த நெவிலின் மனைவி. ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்த மீன்பிடி முகாமில் இருவரும் தனியாக இருந்தார்கள். அவளுடைய இடது கெண்டைக்காலில் இரண்டு துண்டுகள் சுற்றியிருந்தன, இரண்டும் நனைந்திருந்தன. மடியில் செதில் சுரண்டும் கத்தி.

"முதலையா?" என்று கேட்டேன்.

"பூனை," என்றாள் வால்டா.

அவளைக் குட்டி விமானத்தில் டார்வினுக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் நெவில் இன்னும் கூரையிலேயே கிடந்தான். ஏணியில் ஏறி விரல்களைப் பிரித்தேன். சுண்டு விரலிலிருந்து தொடங்கினேன், அதுதான் சுலபம்.

2

என் பழைய நோட்டில் இந்தக் கதைக்கு வேறு தொடக்கங்கள் உண்டு. ஒன்று இப்படி:

'வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் சூரியன் இறங்கும்போது தண்ணீர் செம்பாக மாறுகிறது, அந்தச் செம்பின் அடியில் ஒரு'

அதற்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை. இன்னொன்று கிளிஃபர்டிடம் ஆரம்பிக்கிறது: அன்று ஆற்றின் மேல்போக்கில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் அலறல் கேட்டு ஓடி வந்தது, வால்டாவை அள்ளி வண்டியில் போட்டது, கூரையில் இருந்தவனை இறங்கச் சொல்ல நேரமில்லாமல் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தது. அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது கிளிஃபர்டின் கதை. அந்த ஆறு அவருடைய தாய்வழிப் பழங்குடி மக்களின் ஆறு. அதை அவர் சொல்லட்டும்.

(இடையில் ஒரு குறிப்பு. அந்த ஊரில் நண்பன், எதிரி, போலீஸ்காரன், பெயர் மறந்துபோனவன் எல்லோரையும் 'மேட்' என்ற ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லை. ஆகவே ஆளைப் பார்த்து 'மாப்ளே' என்றும் 'பெரியவரே' என்றும் போட்டிருக்கிறேன். தவறு இருந்தால் என்னுடையது.)

3

வால்டா மூன்று மாதம் டார்வின் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்ததும் இருவரும் முகாமை விற்றுவிட்டு ஹாரிகன் கிராசிங்கில் இருந்த பப்பை வாங்கினார்கள். அவள் முழுநீளக் கால்சட்டை போட ஆரம்பித்தாள். லேசாகச் சாய்ந்து நடப்பாள். முகாமில் நடந்தது எங்கள் நால்வருக்கு மட்டும் தெரியும். ஊரில் யாரும் கேட்கவில்லை. அங்கே கேட்க மாட்டார்கள்.

அடுத்த மே மாதம் சினிமாக்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். காட்டு மனிதன் ஒருவன் பெரிய நகரத்துக்குப் போய் அங்கே இருப்பவர்களைத் திணறடிக்கிற சிரிப்புப் படம். பின்னால் அது உலகமெல்லாம் ஓடியது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுவில் ஒருவர் பீரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "இங்க யாரையாவது முதலை கடிச்சிருக்கா?"

நெவில் வால்டாவைப் பார்த்தான். வால்டா கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவனைத்தான்," என்றாள். "கேளுங்க. நல்லா சொல்லுவான்."

நான் அப்போது கல்லாவுக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். நெவிலின் வாய் கொடுவா மீன் மாதிரி ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு சொன்னான். மொத்தம் நாலே வாக்கியம். முதலை வந்தது, பிடித்தது, கத்தியால் கண்ணில் குத்தினேன், விட்டுவிட்டது.

படம் வெளிவந்த பிறகு பேருந்துகள் வர ஆரம்பித்தன. நாலு வாக்கியம் பதினாலு நிமிடமாக வளர்ந்தது. முள்கம்பி கிழித்த பழைய தழும்பு ஒன்று நெவிலின் காலில் இருந்தது. கதை முடிந்ததும் கல்லா மேல் காலைத் தூக்கி வைத்து அதைக் காட்டுவான். முதலை முதல் வருடம் ஒன்பது அடி. மறு வருடம் பதினொன்று. அமெரிக்கக்காரர்கள் வரத் தொடங்கியபோது பதினெட்டு.

"இன்னும் ரெண்டு வருஷம் போனா அது ஆத்துல திரும்பவே முடியாது, சிஸ்டர்," என்றார் கிளிஃபர்ட். படத்தில் நாயகன் தரையைத் தடவிப் பார்த்து முதலை போன திசையைச் சொல்வான் அல்லவா, அதைச் சொல்லிக்கொடுத்தவர் இவர். படத்தில் இவர் கிடையாது.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. வால்டா தன் கதையை ஏன் அவனுக்குக் கொடுத்தாள்?

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: 'கணவனின் கோழைத்தனத்தை மூட அவள் தன் காயத்தையே போர்வையாக்கி'

நெவில் இப்போது இல்லை. வால்டா இருக்கிறாள், எழுபத்தாறு வயது. அவள் அனுமதி இல்லாமல் ஒரு நர்ஸ் இதை எழுதக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் என் சமையலறை மேசையில் வைத்து வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொல்வேன். அவள் கையில் பென்சில் இருக்கும். இந்த வரி வந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

"யாரு இந்தப் பொம்பளை? எனக்குத் தெரியாதே."

"அப்ப ஏன் குடுத்த?"

"ஆஸ்பத்திரில தினம் பத்து பேர் வருவாங்க, டாக்டருக்குப் படிக்கறவங்க. போர்வையைத் தூக்கிக் காலைப் பாப்பாங்க. மூணு மாசத்துல ஒருத்தன் என் மூஞ்சியைப் பாக்கல. வீட்டுக்கு வந்தும் அதையே காட்டிட்டு நிக்கச் சொல்றியா? அவன் கால் சும்மாத்தானே இருந்துச்சு."

"நெவ் மேல கோவமே இல்லியா?"

"இல்லாம? நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவன் ஏறிட்டான்." பென்சிலால் மேசையைத் தட்டினாள். "அவன் கதை சொல்றப்ப நீ பாத்திருக்க இல்ல. முதலை பிடிக்கற இடம் வந்தா அவன் கண்ணு எங்க போகும்?"

யோசித்தேன். "மேல."

"தினம் ரெண்டு பஸ். பத்து வருஷம். அதுக்கு மேல நான் என்ன தண்டனை குடுக்கறது?"

அந்த 'போர்வை' வரியை அவளே அடித்தாள். தமிழ் தெரியாது, இருந்தாலும் சரியான வரியைத்தான் அடித்தாள்.

5

1996, ஜூலை. படம் வந்து பத்து வருடம் ஆனதற்காகத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு குழு வந்தது. பெலிண்டா என்ற பெண் தலைமை. சுறுசுறுப்பானவள், நல்லவளும்கூட. நெவிலை ஆற்றங்கரையிலேயே வைத்துக் கதை சொல்லச் சொல்ல வேண்டும் என்பது அவள் யோசனை. முதலுதவிக்கு நான். துப்பாக்கியோடு கிளிஃபர்ட், அப்போது அவர் வனக் காவலர். வால்டா எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட எதற்கும் அவள் வந்ததே இல்லை.

"கரையிலேருந்து நாலு ஆள் தூரம் தள்ளியே நிக்கணும்," என்றார் கிளிஃபர்ட். "வயித்தை இழுத்துட்டுப் போன தடம் இருக்கு. ஈரம் காயல."

"முழங்கால் தண்ணில நின்னா நல்லா இருக்கும், பெரியவரே. இவரு முதலையோட மல்லுக்கட்டினவராச்சே," என்றாள் பெலிண்டா.

"அதான் சொல்றேன்," என்றார் கிளிஃபர்ட்.

நெவில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான். ஐம்பத்தெட்டு வயது, அகலமான முதுகு. கிளிஃபர்ட் சொன்ன எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தான். நின்றான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அது என் கால் இல்ல," என்றான்.

பெலிண்டா சிரித்தாள். "பின்ன யார் கால்?"

"என் பொண்டாட்டி கால். நான் வண்டி மேல ஏறிட்டேன். பத்தடி தூரம்தான். ஓடியிருந்தா எட்டியிருப்பேன். அவ என்னைக் கூப்பிட்டா. நான் ஏறிட்டேன்."

ஒலிப்பதிவு செய்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் ஒருவன் தன்னைப் பெரியவனாகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தன்னையே மட்டம்தட்டிச் சொன்னால் அதுதான் உயர்ந்த நகைச்சுவை. நெவில் பதினோரு வருடமாக எந்தக் குரலில் பொய் சொன்னானோ அதே குரல்தான் அவனிடம் இருந்தது. உண்மைக்கென்று வேறு குரல் அவனிடம் இல்லை.

"பிரமாதம், நெவ். இன்னொரு தடவை. தொப்பியைக் கொஞ்சம் தூக்கி."

அவன் இன்னொரு தடவை சொன்னான். இம்முறை இன்னும் மெதுவாக. அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நெவில் எங்கள் பக்கம் திரும்பினான்.

"வால்டா. காலைக் காட்டு. இவங்க நம்பட்டும்."

கேமராவும் திரும்பியது. வால்டா வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மாட்டேன்."

"வால்டா, கெஞ்சிக் கேக்கறேன்."

"அது என் கால். நீ மனசுப் பாரத்தை இறக்க நான் எதுக்கு பேண்டைத் தூக்கணும்?"

அதற்கும் சிரித்தார்கள்.

6

இந்த இடத்தில் ஒரு முதலை வந்தாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, எழுதியும் பார்த்தேன்:

'தண்ணீர் பிளந்தது. பெலிண்டாவின் கணுக்காலுக்கு ஒரு முழம் தூரத்தில் அந்த வாய் திறந்தபோது நெவில் யோசிக்கவே இல்லை, பாய்ந்'

பாயவில்லை. முதலை வரவில்லை. எங்கோ ஆழத்தில் அது இருந்தது, அதற்கு எங்களிடம் வேலை இல்லை. இன்னொரு முடிவில் வால்டா நொண்டி நடந்துபோய் அவன் கையைப் பிடிக்கிறாள். அதைக் கேட்ட வால்டா, "கொசு கடிச்சுது, சொறிஞ்சுட்டு நின்னேன். அதை எழுது," என்றாள்.

எழுதிவிட்டேன்.

நடந்தது இது. கிளிஃபர்ட் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நெவில் நின்ற இடத்துக்குப் போனார். சிரிக்காதவர்கள் அன்று மூன்று பேர்தான், அவர்களில் அவர் ஒருவர். நெவிலின் முழங்கையைப் பிடித்தார்.

"இறங்கி வா, மாப்ளே," என்றார்.

நெவில் தரையில்தான் நின்றிருந்தான். ஆனாலும் இறங்கி வந்தான், அதை நான் பார்த்தேன்.

7

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நாட்டுக்கே நெவிலைப் பிடித்துப்போனது. எவ்வளவு அடக்கமான வீரன் என்று கடிதங்கள் வந்தன. அது இரண்டு மாதம் கழித்து. அதற்கு முன்னால், அதே நாள் மாலை ஐந்தரைக்கு, வழக்கமான பேருந்து வந்தது. முப்பது பேர், அடிலெய்டுக்காரர்கள். பெலிண்டாவின் ஆட்கள் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். நான் கல்லாவின் ஓரத்தில் இறைச்சி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"முதலைக் கதை சொல்றது யாரு?" என்று கேட்டார் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர்.

நெவில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நுரை வழிந்தது, துடைக்கவில்லை.

"என்னைக் கேக்காதீங்க," என்றான். "கதை அவளோடது."

வால்டா கையைத் துடைத்தாள். கல்லாவைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் சொன்னது நாலு நிமிடம் இருக்கும். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பிரதியிலும் எழுதியிருந்தேன். போன வாரம் அதைச் சொல்லிக் காட்டியபோது வால்டா பென்சிலை எடுத்தாள். "இது வேண்டாம். இது எனக்கும் அவனுக்கும். மத்ததெல்லாம் வெச்சுக்கோ." முதல் சில வரிகளை விட்டுவிட்டு மீதிப் பக்கம் முழுவதையும் குறுக்காகக் கோடிட்டாள், ஒரு இடத்தில் தாள் கிழிந்தது.

நான் அவளுக்குக் கட்டுப்பட்டவள். அதன் பிறகு அவர்கள் பதின்மூன்று வருடம் அதே பப்பில், அதே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல மட்டும் அனுமதி உண்டு. அப்படி வாழ்வதற்கு எந்தக் கதை போதுமானது, அவன் கால் என்ற பழையதா, அவள் கால் என்ற புதியதா, என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களை எனக்குத் தெரிந்த அளவுக்கு இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் கோடு போடாமல் விட்ட இடம் வரை தருகிறேன்.

வால்டா நெவிலைப் பார்த்தாள். நெவில் நேராக அவளைப் பார்த்தான்.

"ஆகஸ்ட் மாசம்," என்றாள். "நானும் இவனும் கொடுவா கழுவப் போனோம். பத்தடி தள்ளி வண்டி. முதலை சத்தமே இல்லாமதான் வந்துச்சு. வந்து கவ்வினது யார் காலைன்னா