மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏழாம் வகுப்புத் தாள்

என் மகள் கனிமொழி கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகமாட்டாள். நேராக நான் வேலை செய்யும் பொம்மைக் கம்பெனிக்கு வந்துவிடுவாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சை மண் பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து வைப்பது என் வேலை. அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு வாய் ஓயாமல் நச்சரிப்பாள். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

ஒரு நாள், சூளையிலிருந்து வந்த பொம்மை ஏன் சின்னதாகிவிட்டது என்று கேட்டாள். சுட்டால் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு குறையும் என்றேன். அதோடு விட்டாள் என்று நினைத்தேன். அவள் விரலை மடக்கி மடக்கி என்னவோ கணக்குப் போட்டாள்.

"பத்துல ஒண்ணு இல்லம்மா. கால்வாசிக்கு மேலயே போயிடுது."

"யாருடி சொன்னது?"

"நீளத்துல ஒண்ணு போவுது, அகலத்துல ஒண்ணு போவுது, ஒசரத்துலயும் போவுது. ஆயிரம் இருந்த எடத்துல எழுநூத்தி இருவத்தொம்போதுதான் நிக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மறுநாள் இதையே அவள் வகுப்பில் சொல்ல, அவளுடைய ஆசிரியர் இளவழகன் சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். பாண்டிச்சேரியில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பன்னிரண்டாவது வரை படிக்கவைப்பார்களாம். சனிக்கிழமைகளில் கல்லூரிப் பேராசிரியர்களே வந்து கணக்குச் சொல்லித் தருவார்களாம்.

"மூணாவது பேப்பர்ல இவ எப்பவும் நூறுதான். அதுக்கு மேல இவளுக்கு எவ்ளோ தெரியும்னு அந்தப் பேப்பருக்குக் காட்டத் தெரியாது. அதனால ஏழாவது பேப்பரக் குடுத்துப் பாப்பாங்க" என்றார் இளவழகன் சார். கிளம்பும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: "தயவுசெஞ்சு எதுவும் சொல்லிக் குடுத்துடாதீங்க. பாதிக்கு மேல தெரியாமத்தான் போவும். அது பரவால்ல. தெரியாதத எப்படி யோசிக்கிறாள்னு பாக்கத்தான் இந்தப் பரீட்சையே. நாப்பது வாங்குனாலே இந்த வயசுக்குப் பெரிய விஷயம்."

என் வீட்டுக்காரர் உலகநாதனுக்கு அந்த நாற்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். பள்ளியில் கனிமொழி தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால்கூட, போன இரண்டு எங்கே என்று கேட்கிற மனுஷன்.

"நாப்பதா? எம்பொண்ணா? ஊரு சிரிக்கும்" என்றார்.

"அதான் சார் அவ்ளோ சொல்லிட்டுப் போனாரே. சும்மா வுடுங்க."

"நீ ஒண்ணு. அப்படித்தான் சொல்லுவாங்க. நாம சும்மா இருப்போம், மத்தவன் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்துடுவான். அப்புறம் நாம வாயில வெரல வெச்சிக்கினு நிக்கணும்."

மறுநாளே ஏழாம் வகுப்புக் கணக்கு கைடு வீட்டுக்கு வந்தது. கூடவே அறிவியல் கைடும். குருவி தலையில் பனங்காயை வைக்காதீர்கள் என்று நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கொலு பொம்மை முடிந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரம். நான் வீடு வந்து சேர எட்டு மணியாகிவிடும். அதுவரை அப்பனும் மகளும் மொட்டை மாடியில் பாடம் படிப்பார்கள். அவருக்குப் புரியாத கணக்கைக்கூட விடுவதில்லை. விடையைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியைப் படிப்பார். அவள் மொத்தத்தையும் வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும்.

கனிமொழி கம்பெனிக்கு வருவது நின்றது. சோறு தின்னும்போதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். ஒரு விடுமுறை நாளில் வம்படியாக அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனேன். அன்று சூளைக்குள்ளேயே ஒரு பெரிய பொம்மை வெடித்து, பக்கத்திலிருந்ததையெல்லாம் கெடுத்திருந்தது. எல்லோரும் கூடி நின்று பேசினார்கள். இவள் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் வெடிச்சிதுன்னு கேக்கலையா?" என்றேன்.

"தனிவட்டி இன்னும் மனப்பாடம் ஆவலம்மா" என்றாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சண்டை போட்டேன். பரீட்சை முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். நம்பினேன். வேறு என்ன செய்வது?

பரீட்சை முடிந்தது. தொண்ணூற்று நான்கு. உலகநாதனைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடை வரைக்கும் லட்டு கொடுத்தார். மங்கலம்பேட்டையிலிருந்து அவருடைய சேக்காளி போன் பண்ணி வாழ்த்தினார். இளவழகன் சார் மட்டும் வாழ்த்துச் சொல்லவில்லை. பாண்டிச்சேரி அறக்கட்டளை மேடம் ஒரு தடவை குழந்தையைப் பார்த்துப் பேச விரும்புகிறார், பரீட்சை நடந்த பள்ளிக்கே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அங்கே இளவழகன் சாரும் வந்திருந்தார். அந்த மேடத்தின் பெயர் ஜெயஸ்ரீ. சின்ன வயசு, கனிமொழியிடம் தோழி மாதிரி பேசினார். விடைத்தாளை எடுத்து, "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஒரு கணக்கைக் காட்டினார். கனிமொழி எழுந்து நின்று, கைகட்டி, கைடில் உள்ள நான்கு வரியையும் கடகடவென்று ஒப்பித்தாள். இன்னொன்றைக் காட்டினார். அதற்கும் அப்படியே. மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"வீட்ல சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார் எங்களைப் பார்த்து.

"லேசா மேடம். ஒரு பழக்கத்துக்கு" என்றார் உலகநாதன்.

"இந்தத் தொண்ணூத்து நாலுல இவளோடது எவ்ளோ, உங்களோடது எவ்ளோன்னு எனக்குத் தெரியல சார். கஷ்டமா இருக்கு."

பிறகு தாளையெல்லாம் மூடி வைத்துவிட்டு, நாற்காலியைக் கனிமொழி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது பரீட்சை இல்லடா. சும்மா விளையாட்டு. ஒரு கேரம் போட்டி. முப்பத்தேழு பேர் வந்திருக்காங்க. ரெண்டு ரெண்டு பேரா ஆடணும். தோத்தவங்க வெளிய போயிடணும். கடைசியா ஒருத்தர் மட்டும் ஜெயிக்கணும்னா மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடணும்?"

பழைய கனிமொழியாக இருந்தால் கண் மின்னியிருக்கும். ஜோடி சேராத ஆள் என்ன செய்வான், தோற்றவன் திரும்ப வரலாமா என்று மேடத்தையே திருப்பிக் கேட்டிருப்பாள். இப்போது அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. உள்ளுக்குள் அந்த கைடின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தேடியது கிடைக்கவில்லை.

"அவசரமே இல்ல. தப்பா சொன்னாலும் பரவால்ல" என்றார் மேடம்.

"தெரியல" என்றாள் கனிமொழி.

நாற்காலியை விட்டு இறங்கினாள். மேடத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராக அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டினாள்.

உலகநாதன் என்னைக்கூட ஒரு நாளும் கைநீட்டி அடித்தவரில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவருடைய மற்ற பிடிவாதங்களையெல்லாம் பொறுத்துப் போயிருக்கிறேன். "ஏ... இன்னா இது... போயி உக்காரு" என்று தடுமாறினார். முகம் கருத்துவிட்டது. மேடம் பேனாவைக் கீழே வைத்தார். இளவழகன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கம்பெனியில் பொம்மை துடைத்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் மொட்டை மாடியில் என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

ஓடிப்போய் அந்தச் சின்னக் கையை என் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன். கனிமொழி கண்ணைத் திறக்கவில்லை. கையை உருவிக்கொள்ளத்தான் பார்த்தாள்.

"வுடும்மா" என்றாள். "ஒரு கேள்விதான தெரியல. ஒரு அடிதான்."