குளியலறையில் நின்ற கார்மேகம்

1975 பிப்ரவரி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு துபாய் கராமாவில் ஒன்பது வீடுகளின் குளியலறைகளில் ஒரே சமயத்தில் கார்மேகம் நின்றான். அதே பதினோரு மணிக்கு அவன் அல் குசைஸில், கட்டிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியின் சாரத்தில், தரையிலிருந்து அறுபது அடி உயரத்திலும் நின்றான். ஆஜர் பதிவேட்டில் சாரத்தில் நின்றதற்கு மட்டும் குறி இருக்கிறது. ஒன்பது வீடுகளிலும் அவன் பழுப்பு பேன்ட்டும் நனைந்த பனியனும் போட்டிருந்தான். முன்னால் ஒரு டிரம், பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. மூன்று நிமிடம் நாற்பது விநாடி அடித்தான், பிறகு ஒன்பது விநாடி மூச்சு விடாமல் நின்றான், பிறகு இல்லை. அவன் நின்ற இடத்தில் தரையில் வியர்வை கிடந்தது. ஒன்பது வீட்டுப் பெண்களில் எட்டுப் பேர் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள்.

இதற்குக் காரணம் பாஸ்கர் என்பவரின் கேசட். பாஸ்கர் மயிலாப்பூர்க்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி, கராமாவில் குடும்பத்தோடு இருந்தார். கப்பல்காரர்கள் தேரா சந்தையில் விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளை வாங்கி வைத்திருந்தார். அதற்கு சோல் என்று பெயர், ஆத்மாவிலிருந்து வருவது என்று விருந்துகளில் விளக்குவார். தமிழில் அப்படி ஒரு பாட்டு பாட ஆசைப்பட்டு, நைஃப் தெருவில் மஹ்மூதின் டேப்ரிக்கார்டர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை ஸ்டுடியோவை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துக்கொண்டார். ஒலிப்பதிவு செய்தவன் தியாகு. வாசிக்க மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் வெள்ளிதான் லீவு. பேஸ் கிடார் வாசித்த பழனிச்சாமி குசைஸில் வெல்டர். ஊரில் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போனவன். ஆர்கன் வாசித்த முகம்மது சித்தீக் நைஃபிலேயே தையல்காரர். டிரம் அடித்த கார்மேகம் சாரம் கட்டுபவன், முதுகுளத்தூர்ப் பக்கம். அவன் கையில் ஒரு நடை இருந்தது. காலைத் தரையில் வைக்கும் முன் அரை நொடி யோசிக்கிற நடை. அமெரிக்கத் தட்டுகளில் பாஸ்கர் வருடக்கணக்காகக் கேட்டும் பிடிபடாத நடை அது.

"இதான்யா! இதேதான்! எங்க கத்துண்ட?" என்றார் பாஸ்கர்.

"சாவு வீட்டுல, சார்."

அதன் பிறகு பாஸ்கர் அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நடையைத் தானே சொல்லிக்கொடுத்ததாக மற்றவர்களிடம் சொன்னார்.

ஸ்டுடியோவில் ஒரே ஒரு மைக் இருந்தது. எனவே யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தியாகு தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தான். பாடுபவருக்கு மைக்கின் முன்னால். கிடாருக்குக் கதவோரம். ஆர்கனுக்கு ஜன்னலடி. டிரம் சத்தம் அதிகம் என்று கார்மேகத்தைக் குளியலறையில் நிறுத்தினார்கள். அங்கே ஸ்டூல் போட இடமில்லை; நின்றபடி அடித்தான். மெல்லப் பிரஷ்ஷால் தடவுகிற பாட்டுக்கும் அவன் குளியலறையில்தான் நின்றான் என்பதால், சத்தம் மட்டும் காரணமில்லை என்று தெரிகிறது. இரைச்சல் டேப்பில் ஏறும் என்று ஏசியை நிறுத்திவிடுவார்கள். பாட்டு முடிந்த பின்பும், கடைசி அதிர்வு அடங்கி தியாகு கையைத் தூக்கும்வரை யாரும் அசையக்கூடாது, மூச்சும் விடக்கூடாது. அந்தக் கேசட்டின் முதல் பாட்டில் தியாகு ஒன்பது விநாடி கழித்துத்தான் கையைத் தூக்கினான். ஆத்மா குளியலறையில் வியர்த்துக்கொண்டு நின்றது. பாஸ்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேசட் வந்தது. அட்டையின் முன்பக்கம் பாஸ்கர் சிரித்தார், பின்பக்கம் யோசித்தார். பாட்டு, இசை, ஆக்கம் மூன்றும் பாஸ்கர். புகைப்படம் எடுத்த கடையின் பெயர் இருந்தது, உதவிய நண்பர்களென்று ஏழு அதிகாரிகளின் பெயர் இருந்தது, வாசித்தவன் பெயர் ஒன்றும் இல்லை. மூவாயிரம் கேசட் விற்றது. தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் பஹ்ரைனுக்கும் போயிற்று. அது ஓடிய வீடுகளிலெல்லாம் கதவோரம் பழனிச்சாமியும் ஜன்னலடியில் சித்தீக்கும் வந்து வாசித்தார்கள். குளியலறையில் கார்மேகம் நின்றான். குளியலறை இல்லாத தொழிலாளர் கேம்ப்களில் தண்ணீர்க் குழாயடியில் நின்றான். பாஸ்கர் எங்கும் வரவில்லை. தமிழ்ச் சங்கத்தின் பெண்கள் கூட்டத்தில் இது விவாதிக்கப்பட்டது. கதவோரமும் ஜன்னலடியும் பரவாயில்லை, குளியலறை ஆள் எந்த ஊர், அங்கே என்ன தோல் அடித்தவன் என்று விசாரித்து அறிந்த பிறகு பினாயில் விற்பனை கூடியது. பாட்டு கேட்பதை யாரும் நிறுத்தவில்லை.

வீடுகளில் நின்றது வாசித்த மூவருக்கும் தெரியாது. ஆனால் எங்கே பாட்டு ஓடினாலும், அது ஓடி முடியும்வரை, இருக்கிற இடத்தில் அவர்களுடைய கைகளும் வாசித்தன. சித்தீக்கின் விரல்கள் துணிமேல் ஓட, தையல் ஊசி இரண்டு முறை விரலில் இறங்கியது. பழனிச்சாமியின் பற்றவைப்பு பாம்பு போல வளைந்தது. சாரத்தில் நின்ற கார்மேகத்துக்கு, அந்த பிப்ரவரி பதினெட்டில், பிடித்திருந்த இரும்புக் குழாயைக் கைகள் விட்டுவிட்டன. அவன் முழங்காலை மடித்துக் குழாயில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியபடி மூன்று நிமிடம் நாற்பது விநாடி காற்றில் டிரம் அடித்தான். கீழே ஃபோர்மன் ஷம்சாத், பெஷாவர்க்காரர், "அரே பாய், பாகல் ஹோ கயா க்யா? பக்டோ, பக்டோ!" என்று பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினார். பிடிக்கக் கை இல்லை. அன்றிலிருந்து இடுப்பில் கயிறு கட்டி ஏறினான். சாரத்தில் ஆள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்; கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிற இடைவெளியில் யாராவது ஒரு வீட்டில் பொத்தானை அமுக்கினால் கதை முடிந்தது. ஜூன் மாதத்துக்குள் நான்கு முறை முடியப் பார்த்தது.

இரண்டாவது கேசட்டுக்குக் கூப்பிட்டபோது மூவரும் வந்தார்கள், வராமலிருக்கும் வழி தெரியாததால். அன்றைக்கு தியாகு மாதிரிக்காக ஓர் அமெரிக்கத் தட்டைப் போட்டான். குளியலறையில் கார்மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பர் நின்று டிரம் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவரையும் எங்கோ ஒரு குளியலறையில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கார்மேகம் பயப்படவில்லை, கையைத்தான் பார்த்தான். தன் ஊர் நடை அந்த ஆளின் மணிக்கட்டில் இருந்தது. "பாய், நாம் க்யா?" என்று பெயர் கேட்டான். கை ஓய்ந்ததும் அந்த ஆள் அசையாமல் நின்றார். அவர்கள் ஊரிலும் யாரோ கையைத் தூக்க வேண்டியிருந்தது. கார்மேகம் அவர் வாயில் தண்ணீர்க் கிளாஸை வைத்தான். குடித்துவிட்டு மறைந்தார். பழனிச்சாமி தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாடகியின் பெயர், கம்பெனி விலாசம், பாடகிக்கு முடி அலங்காரம் செய்தவர் பெயர் வரை இருந்தது. "தலைமுடிக்குப் பேரு இருக்கு மாப்ள, கைக்கு இல்ல" என்றான்.

பெயர்தான் விஷயம் என்று கண்டுபிடித்தவள் தியாகுவின் மனைவி ஜெயபாரதி. அவள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். கேசட் அட்டைகளின் உள்பக்கத்தை டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முதல் நாற்பது அட்டைகளில், யாரும் சொல்லாமலே, வாசித்தவர்கள் என்று போட்டு மூன்று பெயர்களையும் அடித்திருந்தாள். பாட்டென்றால் வாசித்தவன் பெயரும் இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டது. தியாகு பார்த்து நிறுத்தினான். ஆனால் அந்த நாற்பது அட்டைகள் ஏற்கெனவே ஷார்ஜாவுக்குப் போய்விட்டிருந்தன. ஷார்ஜாவில் மட்டும் ஒரு வீட்டிலும் ஆள் வந்து நிற்கவில்லை, வெறும் பாட்டு கேட்டது என்ற செய்தி ஜூலையில் வந்தது. அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

"பேரை எடுத்தது நீங்கதானே?"

"பாஸ்கர் சார் சொன்னார். அட்டைல இடமில்லையாம்."

"அவர் மூஞ்சியைக் கொஞ்சம் சின்னதாப் போட்டா இடம் வந்துட்டுப் போகுது. அந்த ஆளு மேலேருந்து விழுந்தா நீங்க கை தூக்குவீங்களா?"

தியாகு சாப்பாட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனான். அவள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பாஸ்கர் வீட்டுக்குப் போனாள். சோபாவில் உட்காரச் சொல்லாததால் நின்றார்கள். அடுத்த பதிப்பில் பெயர் போடுங்கள், விற்ற கேசட்டுகளில் ஒட்டப் பெயர்ச் சீட்டு அனுப்புங்கள், அவ்வளவுதான் கேட்டது. பாஸ்கர் நிதானமாகப் பேசினார். நிதானமாகப் பேச அவருக்கு வசதி இருந்தது.

"பாரும்மா, இவாளுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு. டாக்ஸி வெச்சு அழைச்சுண்டு வந்தேன், பிரியாணி வாங்கிக் குடுத்தேன். வீட்டைக் கட்டினவன் பேரையெல்லாம் வாசல்ல எழுதறாளா என்ன?"

"எழுதலாம் சார். எழுதாததாலதான் வீட்டுக்குள்ள வந்து நிக்கிறாங்க."

"ஆத்மா என்னோடதும்மா. இவா கைதான் ஆட்டினா."

"அப்ப உங்க ஆத்மா ஏன் சார் எந்த வீட்டுக்கும் வரல?"

அந்த இடத்தில் பாஸ்கர் நிதானத்தை இழந்தார். கெட் அவுட் என்றார். உண்மையில் அது அவரை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்த விஷயம். விருந்துக்குப் போகிற வீடுகளில் தன் கேசட்டைப் போடச் சொல்லிவிட்டு ஹாலின் நடுவே, தான் வந்து நின்று பாட வேண்டிய இடத்தை, உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே கார்ப்பெட்தான் இருக்கும்.

ஜெயபாரதி தானே சீட்டு அடித்தாள். ஒரு தாளில் இருபது வீதம், மூன்று பெயர், மூன்று வேலை. பேஸ் கிடார், பழனிச்சாமி. ஆர்கன், முகம்மது சித்தீக். டிரம், கார்மேகம். பாஸ்கர், மஹ்மூதிடம் சொல்லி தியாகுவின் வேலையைப் பறித்தார். தியாகு ஒரு வாரம் அவளோடு பேசாமலிருந்து, பிறகு எட்டாம் நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து சீட்டு வெட்ட உட்கார்ந்தான். சித்தீக் தைத்த ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு சீட்டு வைத்தார். கேம்ப்பிலிருந்து லீவில் போனவர்களும், தோஹாவுக்கு மாற்றலானவர்களும் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனார்கள். சீட்டு ஒட்டிய வீட்டில் அன்றே குளியலறை காலியானது. பாஸ்கரின் மனைவி ஷியாமளா தன் வீட்டுக் கேசட்டில் கணவருக்குத் தெரியாமல் ஒட்டினாள். அவள்தான் அந்த எட்டுப் பேரில் சேராத ஒன்பதாவது வீட்டுக்காரி. 1977 நடுவில் கார்மேகத்தின் கைகள் ஏறக்குறைய அவனுக்கே சொந்தமாயின. அந்தத் தீபாவளிக்கு பாஸ்கர் சங்க மேடையில் வேறு ஆட்களை வைத்துப் பாடினார். குரல் நன்றாகவே இருந்தது. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய கால்விரலும் அசையவில்லை.

இரண்டு கணக்கு மட்டும் தீரவில்லை. முதலாவது அமெரிக்கக்காரர். அவர் பெயர் யாருக்கும் தெரியாததால் சீட்டு அடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தட்டைப் போடுவதானால் குளியலறையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போடுவது நைஃப் தெருவில் பழக்கமானது.

இரண்டாவது, முதுகுளத்தூர்ப் பக்கம் இருந்த ஒரு கேசட். கல்யாணமாகி ஐம்பதாம் நாள் கார்மேகம் விமானமேறியவன். லீவில் போனவர் ஒருவரிடம் மனைவி பஞ்சவர்ணத்துக்கு டேப்ரிக்கார்டரும் கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தான். அவள் எழுதச் சொல்லி அனுப்பிய கடிதத்தில் இருந்தது: "தண்ணித் தொட்டி கிட்ட வந்து நிக்கிறீக. மேலுக்கு வேர்த்து ஊத்துது. துடைச்சு விட்டேன். முடிஞ்ச பெறகு செத்த நேரம் என்னயவே பாக்குறீக, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறீக. என்ன கோவம்?"

கடைசிச் சீட்டுக் கட்டை ஜெயபாரதி நீட்டியபோது கார்மேகம் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊருக்கு ஒண்ணு எடுத்துக்கங்கண்ணே."

"அது ஒண்ணு மட்டும் கெடக்கட்டும் தங்கச்சி."

"மேல நிக்கிறப்ப போட்டுட்டா?"

"நேரம் எழுதிப்புட்டேன். அவகிட்ட கடியாரம் இல்ல. அஞ்சரை பஸ்ஸு ஊரைத் தாண்டையில போடுன்னு சொல்லியிருக்கேன். இங்க நாலு மணி, டீ நேரம்."

"உங்க பேரு வேணாமாண்ணே உங்களுக்கு?"

"ஊரெல்லாம் ஒட்டியாச்சுல்ல. அவளுக்கு என் பேரு தெரியும்."

ஜெயபாரதிக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் விரல் வீங்க டைப் அடித்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்? ஆனால் அந்தச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து குசைஸில் தினமும் நான்கு மணிக்கு, எந்தச் சாரத்தில் இருந்தாலும், கார்மேகம் பலகையில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் டீயோடு நகர்ந்து இடம் விட்டார்கள். கை எழும்பும், மூன்று நிமிடம் நாற்பது விநாடி அடிக்கும். பிறகு ஒன்பது விநாடி அவன் எதையோ பார்த்தபடி அசையாமல் இருப்பான், நெற்றி வியர்வை துடைத்துவிட்டது போலக் காய்ந்துபோகும். புதிதாக வந்தவர்கள் கேட்டால் ஷம்சாத், "பாபி கா டைம் ஹை, பைட்டோ" என்பார், அண்ணியின் நேரம், உட்கார் என்று. பஸ் தாமதமான நாட்களில் அவன் கட்டிய கயிற்றோடு உட்கார்ந்தே இருப்பான்; அவன் சாரம் கட்டித் தராமல் மேல் தட்டுக்கு யாரும் ஏற முடியாது. அந்த நாட்களின் வேலை அறிக்கையில், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், ஷம்சாத் மணல் காற்று என்றோ சிமென்ட் வரவில்லை என்றோ எழுதவில்லை. முதுகுளத்தூர் பஸ் என்று எழுதினார். சைட் என்ஜினியர் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டார்.