பதின்மூன்று எழுத்துக்குள்

என் தம்பி ஒனோஃப்ரே எங்கள் ஊர் தல்காவேயின் படகுத்துறையில் என்ஜின்களைப் பழுது பார்ப்பவன். அவனுக்குத் திக்குவாய். என்னிடம் பேசும்போது அவ்வளவாகத் திக்காது. வெளியாட்களைக் கண்டால் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கிய புதிதில் ஒருமுறை மைக்கைப் பிடித்தான். ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் தன் அழைப்புக்குறியைச் சொல்லி முடிப்பதற்குள், "என்னப்பா, என்ஜின் ஸ்டார்ட் ஆகலையா?" என்று எவனோ சிரித்துவிட்டான். அன்றே மைக்கைக் கழற்றி வைத்துவிட்டான்.

பிறகு ரேடியோவைக் கணினியோடு இணைத்தான். இவன் தட்டுவது மெல்லிய விசிலாகக் காற்றில் போய், எங்கோ இருப்பவர் திரையில் எழுத்தாக விழும். அதில் அவனைப் போல வாயாடி கிடையாது. உருகுவேயில் சால்தோ ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த சுல்மா அப்படித்தான் பழக்கமானாள். தனியாள். மாலையானால் இருவரும் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு துருவும்போது இவன் சிரிப்பது கேட்கும்.

"என்னடா சொல்றா?"

"நேத்து நான் எழுதினதை நினைச்சு கடையில சிரிச்சாளாம். மூலத்துக்கு மருந்து கேட்டு வந்தவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானாம்."

இரண்டாவது குளிர்காலத்தில் அவள், "ஒரே ஒரு தடவை குரல்ல பேசுங்களேன்" என்று கேட்டாள். மைக் கெட்டுவிட்டது என்று தட்டினான். அடுத்த வாரமும் அதே பதில்.

"டேய், உண்மையைச் சொல்லித் தொலையேன்," என்றேன்.

"சி... சிரிப்பாக்கா."

"அவ சிரிக்கணும்னுதானே தினமும் உக்காந்து தட்டறே?"

"அது வேற."

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "பக்கத்துல உங்க மனைவி இருக்காங்க, அதான் பேச மாட்டேங்கறீங்க. புரியுது. நல்லா இருங்க."

மறுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் விரல் அசையவில்லை. அதன்பின் அவள் அந்த அலைவரிசைப் பக்கமே வரவில்லை.

வருடங்கள் போயின. எல்லாரும் புது முறைக்கு மாறிவிட்டார்கள். கணினிகளே அழைப்புக்குறியையும், சமிக்ஞை எவ்வளவு பலமாக வந்தது என்பதையும் பரிமாறி, வணக்கம் சொல்லி முடித்துக்கொள்ளும். அரட்டைக்கு இடமில்லை. நாமாக ஏதாவது எழுதினால் பதின்மூன்று எழுத்துதான், இடைவெளியும் சேர்த்து.

போன ஞாயிறு மதியம் திரையில் சுல்மாவின் குறி வந்தது. கூப்பிட்டான். எண்கள் போய் வந்தன. வணக்கம் போக வேண்டிய இடத்தில் "நான் திக்குவாயன்" என்று அனுப்பினான். ஸ்பானிய மொழியில் அது சரியாகப் பதின்மூன்று.

சற்றுப் பொறுத்து, அதே பதின்மூன்று எழுத்துக் கணக்கில், பதில் விழுந்தது: "அது ஒரு பொருட்டாவே இருந்ததில்ல."

"பாத்தியா! பரவாயில்லைங்கறா!" என்று நான் கை தட்டினேன்.

"இல்லக்கா. இருந்ததில்லன்னு எழுதியிருக்கா. அது அப்ப. இப்ப பத்தி ஒண்ணும் இல்ல."

மறுபடி கூப்பிட்டான். அதற்குள் அவள் பிரேசில்காரர் ஒருவரோடு எண்களை மாற்றிக்கொண்டிருந்தாள். காத்திருந்து இன்னொரு முறை கூப்பிட்டான். அவள் சமிக்ஞை மெலிந்து மறைந்துவிட்டது.

கருவியை அணைத்துவிட்டு, ஞாயிறென்றும் பாராமல் துறைக்குப் போனான். இருட்டுவதற்குள் வந்து சாப்பிட்டான். அவளுக்கு இப்போது யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது.