மணியோசை இல்லாத இடம்

...ஆனாலும் அந்தக் கடலைக் குறை சொல்ல முடியாது, படத்திலேயே இப்படியென்றால் நேரில் எப்படியிருக்கும் என்று பேரின்பநாயகம் கைத்தொலைபேசியை வெயில் படாமல் மறைத்துப் பிடித்தார், கறுத்த பாறை, வெள்ளைச் சுவரோடு ஒரு தியான விடுதி, கீழே 'உங்கள் மூச்சோடு உரையாடுங்கள்'... மூச்சோடு நான் என்னத்தைக் கதைக்க, அது இவ்வளவு காலமும் தன்பாட்டில் வந்து போகுது, ஒழுங்காய் ஓடுறதைக் கிண்டக்கூடாது. அடுத்தது 'எலுமிச்சை மௌனச் சிகிச்சை'யாம், அதாவது எலுமிச்சை மரத்துக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு இருப்பது, இதற்கும் ஒரு பெயர் வைத்தானே, கெட்டிக்காரன்... சிரிப்பு வந்தது, ஆனால் விரல் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை, என்ன அமைதி, உஸ்திகாத் தீவில், பலேர்மோவிலிருந்து கப்பலேறினால் வந்துவிடுகிற தூரத்தில் இப்படியொரு இடமா... வெள்ளிவிழாக் கலியாண நாளுக்கு மகள் கேசிகாவின் அன்பளிப்பு, இரண்டு பேரும் போய்த் தங்க ஒரு விடுதி, 'இண்டைக்குள்ளை ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ அப்பா' என்று காலையிலிருந்து விடாமல் செய்தி.

பக்கத்தில், மொண்டெல்லோ கடற்கரை வாங்கில் மனைவி புனிதமலர் நிமிர்ந்தபடியே உறங்கினாள், சுற்றிலும் இத்தனை கூச்சலுக்குள்ளும், கைப்பை மடியை விட்டு நழுவாமல், அரியணையில் இருப்பவள்போல... படுக்கையில் கிடக்கும் இத்தாலியக் கிழவி சிஞோராவின் வீட்டோடு தங்கி அவரைப் பார்க்கும் வேலை தொடங்கிய நாள்முதல், லீவு கிடைக்கும் வியாழன் பின்னேரமும் ஞாயிறு பகலும்தான் இவள் கணவனுக்கு, வாடகை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பஸ் வருவதற்குள் கதைத்து முடித்துவிடுவாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, எப்படித்தான் முடிந்ததோ... "எனக்கு நித்திரை கொள்ள ஒரு இடம் காணும். யோகா கீகா எண்டால் நீங்கள் தனியப் போங்கோ" என்று சற்றுமுன்தான் சொன்னாள். சரி, இதுதான் இடம், 'விடியலில் வெண்கல மணி உங்களை மெல்லத் துயிலெழுப்பும்', அட, கோயில் மாதிரி, இது நல்லாயிருக்கே, பெருவிரலை முன்பதிவுப் பொத்தானுக்குக் கொண்டுபோனார், அந்நேரம் யாரோ ஒரு சிறுமி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனாள்.

"வாறன் சிஞோரா, வாறன்!" இத்தாலியனில் சொன்னபடி புனிதமலர் எழுந்து நின்றுவிட்டாள், கண் இன்னும் திறக்கவில்லை. பிறகு கடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெட்கப்பட்டுச் சிரித்தாள். "என்னப்பா, எடுத்திட்டீங்களோ?"

"ஓம், கிட்டத்தட்ட. நீர் இரும்."

மணி வேண்டாமென்று எழுதிக் கேட்கலாம், மூச்சுக்கும் எலுமிச்சைக்கும் காசு வாங்குகிறவர்கள், இதற்கும் இசைவார்கள்... ஆனால் மணியே அடிக்காத அறையில் இவள் உறங்குவாளா, இல்லை அடிக்காத மணிக்குக் காது கொடுத்தபடி விடியும்வரை கிடப்பாளா... இவ்வளவு காலமும் இவள் உறங்குவதை இரவில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சிஞோரா ஒருவர்தான், அவரிடம் போய்க் கேட்பதா...