ஊதா வரி கேட்ட கேள்வி

ஏர்பேட்டில் எங்கள் கொட்டகைக்குள் ஒரே ஒரு விசைத்தறி நிற்கிறது. அதை ஓட்டுவதும் பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் என் வேலை. பாவு நூல் அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கருவியை இங்கே செய்கிறார்கள். கருவிக்குள் ஓடும் புரோகிராமைச் சி மொழியில் எழுதுபவர் பிரீத்தி மேடம்.

முதல் கருவி நகரிக்கு, என் மனைவி ருக்மணி ஓட்டும் தறிக்குப் போகிறது. அறுந்த நூலைப் பார்க்க அவள் நாள் முழுக்க நின்றே ஆகவேண்டும். சாயங்காலத்தில் முழங்கால் வீங்கிவிடும். கருவி வந்தால் உட்காரலாம். ஆனால் தறி முதலாளி தாமோதரன், "இன்னிக்கு வண்டியில வந்தா மாட்டிக்கோ. இல்லன்னா தீபாவளி ஆர்டர் முடியட்டும், அதுவரைக்கும் தறியில கை வெக்காத" என்று சொல்லிவிட்டார்.

மதியம் தாண்டியும் மேடத்தின் திரையில் ஒரு ஊதா வரி போகாமல் நின்றது. எழுதிய புரோகிராமைச் சரிபார்த்துக் கருவிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் வார்னிங், அதாவது எச்சரிக்கை. ஒரு வார்னிங் இருந்தாலும் புரோகிராம் கருவிக்குள் ஏறாது. எங்கள் கொட்டகையில் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"இன்னா மேடம் சொல்லுது?"

"நூல் எப்டி இருக்குன்னு பார்த்து ஒரு நம்பர் சொல்லணும் அண்ணா. சைபர்னா நல்லாகீது. அறுந்துட்டா, தறிய நிறுத்துன்னு சொல்லிட்டேன். நிறுத்தின பிறகு இன்னா நம்பர்னு கேட்டுக்கினே கீது. தறிதான் நின்னுடுச்சே, புரோகிராம் எங்க அந்த எடத்துக்குத் திரும்பி வரப்போவுது?"

பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் தெலுங்குக்காரன் சுரேஷ்பாபு நிமிரவே இல்லை. "ஒரு சைபர் போட்டு அது வாய மூடு. ஏம் காதுலே, ஒண்ணும் ஆவாது."

மேடம் சைபர் போட்டார். ஊதா வரி மறைந்தது. புரோகிராமை ஏற்றித் தறியில் மாட்டினோம்.

தறியை ஓட்டிவிட்டு ஒரு பாவு நூலை வெட்டினேன். தறி டக்கென்று நின்றது. மேடம் கை தட்டினார். அந்தக் கைதட்டல் முடிவதற்குள் என் கை தறியை ஓட்டும் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டது. தறி அறுந்த நூலோடு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. பதறிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"யாருண்ணா உன்ன அமுக்கச் சொன்னது?" என்றான் சுரேஷ்பாபு.

"யாரும் சொல்லலபா. தறி நின்னா கை தானா போவும். நெய்யற மீட்டருக்குத்தான கூலி? மொதல்ல ஓட்டு, அப்பறம் நூலப் பாரு. நகரியில எல்லாருக்கும் அதான் பழக்கம்."

வண்டி போய்விடும், என்னால் கெட்டது என்று நினைத்து நின்றேன். மேடம் என்னையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"பச்சைப் பட்டன அமுக்கினா நிறுத்தினது முடியும்னு நான்தான் எழுதிகீறேன். முடிஞ்சா நேரா அந்தச் சைபருக்குத்தான் வரும். நூல் நல்லாகீதுன்னு பொய் சொல்லும், தறி ஓடும். கம்பைலர் ஒழுங்காத்தான் கேட்டுக்கினு இருந்துது. நாமதான் வாய மூடிட்டோம்."

"நாம இல்ல, இவன்தான்" என்றேன்.

"சரிலே, எல்லாரும் என் மேலயே ஏறுங்க" என்றான் சுரேஷ்பாபு.

மேடம் சைபரை எடுத்துவிட்டு, நூல் அறுந்ததற்கான நம்பரை அந்த இடத்தில் எழுதினார். அது வந்தால் தறி ஓடாது. மறுபடி நூலைப் பார்க்கும். ஊதா வரி வரவில்லை. இந்தமுறை அதன் வாயை நாங்கள் மூடியதால் அல்ல, கேட்டதற்குச் சரியான பதில் கிடைத்ததால்.

மறுபடி நூலை வெட்டினேன். தறி நின்றது. பச்சைப் பட்டனை அமுக்கினேன். ஓடவில்லை. இன்னொரு தரம் அமுக்கினேன். அசையவில்லை. சந்தோஷத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா, பட்டன் பிஞ்சிடும்."

நூலை முடிந்து, மறுபடி அமுக்கினேன். தறி நல்லபிள்ளையாக ஓடியது.

கருவியைப் பஞ்சில் சுற்றி, கிளம்ப நின்ற வண்டியில் நானே ஏற்றினேன். ருக்மணிக்குப் போன் போட்டேன்.

"வருதா?" என்றாள்.

"வண்டி ஏறிட்ச்சி. நாளைக்கு ஒரு ஸ்டூல் பார்த்து வை."

"ஸ்டூலா? இத்தினி வருஷம் நின்னவளுக்கு ஸ்டூல்தானா? சாஞ்சிக்கிற மாதிரி சேர் வாங்கினு வாய்யா."