நடுத்தண்ணீரில் கேட்ட சம்மதம்

அழகுமலை கஞ்சன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போன தூரம், எங்கள் வீட்டிலிருந்து திருவரங்குளம் சிவன் கோவில் வரைக்கும்தான். அதுவும் நடந்து. அப்படிப்பட்டவன் ஒருநாள் கடலைக் காட்டிலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல், “கொடைக்கானல் போவமா?” என்று கேட்டால் நான் என்ன நினைப்பேன்? வெயிலில் மண்டை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“என்னங்க, வெளையாடுறீங்களா?”

“நெசமாத்தான் புள்ள. நாம ரெண்டு பேரு மட்டும். ஒனக்கு வத்தாத தண்ணி பாக்கணும்னு ஆசையில்ல?”

எனக்குக் கை கால் ஓடவில்லை. சித்திரை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பி வளர்ந்தவள் நான். கோடையிலும் வற்றாத தண்ணீரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே என் ஆசை. அதை அவனிடம் நான் சொன்னதே இல்லை. பிள்ளை பெறாத பெண்டாட்டி ஆசை என்று வாயைத் திறந்தால் பேச்சு அடுத்து எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறானே என்று அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அழகுமலை, அழகுமலை என்று வாய் நிறையச் சொல்கிறேன். அப்போது அப்படி இல்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் வழக்கம். அவன் பேரில் மலை இருப்பதால் மலை என்கிற சொல்லே என் வாயில் வந்ததில்லை. விராலிமலைக்குப் போகிறவர்களிடம்கூட, “முருகன் மேட்டுக்கா போறீக?” என்றுதான் கேட்பேன்.

கிளம்புகிற அன்று, பக்கத்துத் தெருவிலிருந்து என் ஆத்தாளும் தங்கச்சி செவந்தியும் வந்தார்கள். செவந்திதான் வழிக்குப் புளிச்சோறு கிளறிக் கட்டினாள். எனக்குத் தலைபின்னி கனகாம்பரம் வைத்துவிட்டாள். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்பிள்ளை மனசு கோணாம நடந்துக்க ஆத்தா” என்றாள். இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருச்சி போய் ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி பஸ் பிடித்தோம். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். அழகுமலை என் தலையைத் தாங்கிப் பிடித்து, எலுமிச்சம்பழம் கீறி மூக்கில் வைத்தான். பஸ்ஸில் இருந்த கோட்டுப் போட்ட ஆட்கள் முகம் சுளித்தார்கள். அவன் அவர்களை முறைத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலே போனதும் சத்திரத்தில் இடம் கேட்டோம். அவன் பால் வாங்கப் போன நேரத்தில் சத்திரத்துக்காரர் என்னிடம், “உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்றார். நான் எப்படிச் சொல்வேன்? “மதுரைக்கு அங்கிட்டு ஒரு சாமி மேட்டுல இருக்காருல்ல, அந்தப் பேருங்க” என்றேன். அவர் திருப்பரங்குன்றமா என்றார், பழனியா என்றார், விழுந்து விழுந்து சிரித்தார். குளிரில் விறைத்துப்போய் அங்கேயே நின்றேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவன் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி. அது போதும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் அழகுமலை சிவப்புக் கம்பளித் துண்டு வாங்கினான். ஒன்றில்லை, இரண்டு.

“வெயில் கொளுத்துற ஊருக்கு இது எதுக்குங்க? அதுவும் ரெண்டு?”

“ஒண்ணு செவந்திக்கு. பாவம், சின்னப்புள்ள.”

என் தங்கச்சி மேல் இவனுக்கு எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன்.

பிறகு ஏரிக்குப் போனோம். அடேயப்பா! பார்த்த இடமெல்லாம் தண்ணீர். சுற்றிலும் மரம், மரத்துக்கு மேலே மலை, மலையின் இடுப்பில் மேகம். எங்கள் ஊருணியில் செருப்புக் காலோடு யாரும் இறங்கமாட்டோம். அந்தப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படகில் ஏறினேன். துடுப்புப் போடுகிறவர் சிரித்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்படி ஒரு குளிர்ச்சி.

படகு நடு ஏரிக்குப் போனதும் அழகுமலை தொண்டையைச் செருமினான்.

“அமராவதி, செவந்திக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு.”

“அப்புடியா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. மாப்பிள்ளை யாருங்க?”

அவன் தண்ணீரைப் பார்த்தான். “நாந்தான்.”

துடுப்பு நின்றுவிட்டது.

“ஒன்னய ஒதுக்கிறமாட்டேன். நீதான் மூத்தவ. வேத்தாளா வாரா? ஒங்கூடப் பொறந்தவ. இப்பச் சட்டம் ஒண்ணு வந்திருக்குல்ல. மூத்தவ போயி போலீசுல சொன்னா உள்ள தூக்கி வச்சிருவாகளாம். அதனால பரிசத்தட்ட நீதான் சொமக்கணும்னு பெரியப்பா சொல்லிட்டாக. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு புள்ள.”

எங்கள் பங்காளிகளில் ஒருவன் இரண்டாம் தாரம் கட்டினால், தேங்காய் வெற்றிலை சேலை வைத்த பரிசத்தட்டை மூத்தவளே தலையில் சுமந்து பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அவள் சுமக்கவில்லை என்றால் அந்தக் கல்யாணத்தில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். ஊரறியச் சுமந்தவள் பிறகு பேச்சு மாறவும் முடியாது. அந்த ஒரு ‘சரி’க்காகத்தான் கஞ்சப்பயல் இவ்வளவு தூரம் செலவழித்திருக்கிறான். வீட்டில் வைத்துச் சொன்னால் சட்டி பானையை உடைப்பேன், தெருவில் நின்று கத்துவேன். நடுத்தண்ணீரில் எங்கே ஓடுவேன்? நீச்சல்கூடத் தெரியாது.

“எங்க ஆத்தாளுக்குத் தெரியுமா?”

“அத்தைதான் சொன்னாக. எங்கிட்டாச்சும் கூட்டிக்கிட்டுப் போயி, சந்தோசமா இருக்கையில கேளுங்கன்னு.”

“எனக்கு வத்தாத தண்ணி பாக்க ஆசைன்னு யாரு சொன்னா?”

அவன் துடுப்புக்காரரைப் பார்த்தான். திரும்பவும் கேட்டேன்.

“செவந்திதான்” என்றான்.

ஒரே பாயில் படுத்துக் கிடந்த வயதில், வெக்கையில் தூக்கம் வராமல் புரளும்போது அவளிடம் மட்டும் சொன்ன ஆசை அது. இரண்டாம் தாரம் என்றதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. அந்த ஆசையை எடுத்து இவன் கையில் கொடுத்திருக்கிறாளே, எப்போது கொடுத்தாள்? எங்கே நின்று கொடுத்தாள்? சிரித்துக்கொண்டே கொடுத்தாளா?

“அழகுமலை” என்றேன். “படகத் திருப்பச் சொல்லு.”

“ஏய், என்னடி சொன்னே?”

“ஒம் பேரத்தான் சொன்னேன். தட்டும் தூக்கமாட்டேன், சரின்னும் சொல்லமாட்டேன். போலீசுக்கும் போவேன். திருப்பச் சொல்லு அழகுமலை.”

அவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முகத்தில் ரத்தம் இல்லை. துடுப்புக்காரர் யாரையும் கேட்காமல் படகைத் திருப்பினார். அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினோம். செவந்தி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் மிச்சத்தை ரயில் ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பங்காளிகள் பிள்ளையார் கோவில் முன்னால் கூடினார்கள். அழகுமலையின் பெரியப்பா வெள்ளைச்சாமி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“மூணாம் மனுசன் காது கேக்கப் புருசன் பேரச் சொன்னியாமே தாயி?”

“சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். அழகுமலை!”

கூட்டம் கசமுசவென்றது. வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அப்ப புருசன் வேணாம்னு அவளே அத்துக்கிட்டா. அத்துக்கிட்டவகிட்ட என்னத்துக்குச் சம்மதம்?”

அவ்வளவுதான், முடித்துவிட்டார்கள். என் சம்மதத்துக்காக மலை ஏறியவனுக்கு, அது வேண்டியதில்லை என்று ஆக்கிக் கொடுத்தவளே நான்தான். மூத்தவள் இல்லையென்றால் அவளைப் பெற்றவள் தட்டைச் சுமக்கலாம் என்றார்கள். என் ஆத்தா சுமந்தாள். தன் வீட்டுக்கு வருகிற தட்டை, வெள்ளைச்சாமி வீட்டிலிருந்து தானே தலையில் வைத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

தாலி கட்டிய மறுநாள், போலீசுக்குப் போகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். பஸ் வருகிற நேரத்தில் ஆத்தா ஓடிவந்து நடுரோட்டில் என் காலில் விழுந்தாள். “ஒந்தங்கச்சி கழுத்துல ஏறுனதயா அறுக்கப் போற?” என்று கதறினாள். பஸ் நின்றது, போய்விட்டது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவேன்? பெற்ற வீட்டில் கால் வைக்க மனம் வரவில்லை. அழகுமலை வீட்டுப் பின்கட்டிலேயே தனி அடுப்பு வைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் செவந்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அந்தச் சிவப்புத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“அக்கா, வலி எடுத்துருச்சு. அவுக கண்மாய்க்கு அங்கிட்டு நிக்கிறாக. கூப்புடுக்கா.”

“நீயே கூப்புடு.”

“நான் எப்புடிக்கா பேரச் சொல்லுவேன்?” முகம் வேர்த்து ஊற்றியது. “நீதான் சொல்லுவியே.”

அவளை உட்காரவைத்துவிட்டுக் கண்மாய்க் கரையில் ஏறினேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கரையில் நாலைந்து பேரோடு அவன் நின்றுகொண்டிருந்தான். “அழகுமலை!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

“ஓடியா! ஒம் பொண்டாட்டிக்கு வலி கண்டுருச்சு.”